அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டா?

தருமபுரி மாவட்டம், பாலக்கோட்டை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஆள் யாரென்று தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

“என் மகள் அரசுப் பள்ளியில் பத்தாவது படிக்கிறாள். மற்ற பாடங்களில் அறுபது, எழுபது வாங்குகிறாள். கணக்கில் மட்டும் காலாண்டில் 19, அரையாண்டில் 23. நான் எட்டாவதோடு நின்றவள், தக்காளி மண்டியில் வேலை. கணவர் ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறார், வாரம் ஒருமுறை வருவார். ‘எனக்கும் கணக்கு வராது, ரத்தத்துலயே இல்ல’ என்கிறார். கணக்குப் பரீட்சை என்றால் முதல் நாளே வயிற்றுவலி என்று பாப்பா படுத்துவிடுகிறாள். பள்ளியில் கணக்கு எடுப்பவரே வீட்டில் டியூஷன் நடத்துகிறார், மாதம் 1,500 ரூபாய். அங்கே சேராத பிள்ளைகளை வகுப்பில் ‘மக்கு’ என்று கூப்பிடுகிறாராம். மாமியார், ‘பெயிலானா படிப்பு போதும், சொந்தத்துலயே மாப்பிள்ளை இருக்கு’ என்கிறார். நான் செல்போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, தினமும் இரண்டு மணி நேரம் வாய்ப்பாடு எழுத வைக்கிறேன். ஒன்றும் ஏறவில்லை. இவளுக்கு மூளையில் குறையா? டாக்டரிடம் காட்டணுமா? கணக்குப் பாடத்தை விட்டுவிட்டுப் படிக்க வழி இருக்கிறதா?”

கடிதத்தோடு அரையாண்டு விடைத்தாளின் படங்களையும் அனுப்பியிருக்கிறார். பெற்றோர் பலரும் மதிப்பெண்ணை மட்டும்தான் எழுதுவார்கள். விடைத்தாள் கையில் இருந்ததால்தான் இவ்வளவு விவரமாகப் பதில் சொல்ல முடிகிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் கணக்கை விட முடியாது. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் அது கட்டாயப் பாடம். 100க்கு 35 எடுத்தாக வேண்டும். பதினொன்றாம் வகுப்புக்குப் போன பிறகு கணக்கே இல்லாத பிரிவுகள் உண்டு, அதைப் பிறகு பார்ப்போம். இப்போது தாண்ட வேண்டியது இந்த ஒரு படிதான். உங்கள் மகளால் அதைத் தாண்ட முடியும் என்று விடைத்தாளைப் பார்த்த பிறகு நம்பிக்கையோடு சொல்கிறேன்.

மூளையில் குறையா என்ற கேள்வி உங்களைத் தூங்க விடாது என்று தெரியும். கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மண்டிக்கு அவள் வந்தால் பெட்டிக் கணக்கும் மீதிச் சில்லறையும் உங்களைவிட வேகமாகச் சொல்லிவிடுவாள் என்று. கணக்கைக் கற்பதில் பிறவியிலேயே வரும் குறைபாடு ஒன்று உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது இருக்கும் பிள்ளைகள் பலர் சில்லறை எண்ணுவதிலேயே தடுமாறுவார்கள், நேரம் பார்ப்பதிலும், இரண்டு எண்ணில் எது பெரியது என்பதிலும் திணறுவார்கள். உங்கள் மகளிடம் அந்த அடையாளங்கள் தெரியவில்லை. ரத்தத்தில் வருகிறது என்று அப்பா சொல்வதையும் வீட்டில் இனி யாரும் சொல்ல வேண்டாம். அவரிடம் தனியாக, கோபமில்லாமல் சொல்லுங்கள். பிள்ளை அதைக் கேட்டுக் கேட்டு, முயற்சி செய்யாமலே தோற்கப் பழகிவிடுவாள்.

விடைத்தாள் என்ன சொல்கிறது

பக்கம் பக்கமாகப் பார்த்தேன். தப்புகள் நிறைய இருக்கின்றன, ஆனால் வகை குறைவு. ஒரே பிழைதான் வேறு வேறு இடங்களில் வந்து நிற்கிறது.

ஓரிடத்தில் 1/2 + 1/3 என்பதை 2/5 என்று எழுதியிருக்கிறாள். மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டியிருக்கிறாள். இரண்டு பக்கம் தள்ளி இயற்கணிதக் கணக்கு வருகிறது. புத்தகத்தில் எக்ஸ் என்று போடும் இடத்தில் நான் ‘ப’ என்று போடுகிறேன். 1/ப + 1/(ப+1) என்பதற்கு 2/(2ப+1) என்று விடை எழுதியிருக்கிறாள். அதே தப்பு, எண்ணுக்குப் பதில் எழுத்து. கடைசியில், ஒன்று நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும் நிகழ்தகவின் கூட்டல் தேற்றம். சூத்திரத்தைப் பிழையில்லாமல் மனப்பாடமாக எழுதிவிட்டு, பின்னங்களைக் கூட்டும் இடத்தில் மறுபடியும் அதே மாதிரி கூட்டியிருக்கிறாள். ஆசிரியர் மூன்று இடத்திலும் சிவப்பில் சுழித்திருக்கிறார், மூன்றும் ஒரே நோய் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆக, அவளுக்கு வராதது பத்தாம் வகுப்புக் கணக்கு இல்லை. ஐந்தாம், ஆறாம் வகுப்பில் பின்னம் நடத்தியபோது எங்கோ விட்டுப்போயிருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை நம் பள்ளிகளில் யாரையும் நிறுத்திவைப்பதில்லை. அதில் தவறில்லை, நிறுத்திவைப்பதால் பிள்ளைகள் பள்ளியைவிட்டுத்தான் போவார்கள். ஆனால் விட்டுப்போனதை யாரும் திரும்பிப் பார்க்காவிட்டால் அது பத்தாம் வகுப்பு வரை கூடவே வந்துவிடும். நீங்கள் எழுத வைக்கும் வாய்ப்பாடு இதற்கு மருந்தாகாது. பெருக்கலில் அவள் எங்குமே தப்பவில்லை. இன்றைக்கே அந்த இரண்டு மணி நேரத்தை நிறுத்திவிடுங்கள்.

பின்னத்தை வீட்டில் சரிசெய்வது

எட்டாவதோடு நின்றவள் நான் என்ன சொல்லிக்கொடுப்பேன் என்று நினைக்காதீர்கள். அவளை உட்கார வைத்து, “அரை கிலோவும் கால் கிலோவும் சேர்ந்தா எவ்வளவு?” என்று கேளுங்கள். முக்கால் என்று உடனே சொல்வாள். இப்போது அதையே தாளில் 1/2 + 1/4 என்று எழுதி, அவளுடைய வழியில் கூட்டச் சொல்லுங்கள். 2/6 வரும், அதாவது மூன்றில் ஒன்று. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறைந்துவிடுமா? 2/5 என்று எழுதினாளே, அதுவும் அரையைவிடக் குறைவுதான். இதை அவளே கண்டுபிடித்துச் சொல்லட்டும். நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் ஒரு பழைய நாள்காட்டித் தாளை எடுத்து, நீளவாக்கில் சரிபாதியாக மடிக்கச் சொல்லுங்கள். பிரித்துவிட்டு, குறுக்குவாக்கில் மூன்று சமபங்காக மடிக்கட்டும். பிரித்தால் ஆறு கட்டம் இருக்கும். அதில் பாதி என்றால் மூன்று கட்டம். மூன்றில் ஒன்று என்றால் இரண்டு கட்டம். இரண்டையும் சேர்த்தால் ஆறில் ஐந்து. “கீழே ஒரே எண்ணாக மாற்று” என்று பள்ளியில் சொல்வதெல்லாம் இந்த ஒரே அளவுக் கட்டத்துக்காகத்தான். மீ.பொ.ம., அதாவது மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடிக்க அவளுக்குத் தெரிகிறது, எதற்குக் கண்டுபிடிக்கிறோம் என்பதுதான் தெரியவில்லை. கால், மூன்றில் ஒன்று, ஐந்தில் இரண்டு என்று மாற்றி மாற்றி மடிக்கட்டும். தாள் தேவைப்படாத நாள் தானாக வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஆறாம், ஏழாம் வகுப்புப் பழைய கணக்குப் புத்தகத்தை வாங்கி, பின்னப் பாடத்திலிருந்து தினம் ஐந்தாறு கணக்கு போடட்டும். சின்ன வகுப்புப் புத்தகம் என்று கூச்சப்படுவாள், அதனால் வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இது முடிந்தால் 1/ப + 1/(ப+1) தானாகப் பிடிபடும். கீழே ப(ப+1) என்று ஒரே அளவாக்கினால் மேலே (ப+1) + ப, அதாவது 2ப+1. புது விதி எதுவும் கிடையாது.

எழுத்துக் கணக்கும் தக்காளிப் பெட்டியும்

3ப + 5 = 50 என்ற சமன்பாட்டில் 3ப = 45 வரை சரியாக வந்துவிட்டு, அடுத்த வரியில் ப = 45 – 3 = 42 என்று எழுதியிருக்கிறாள். “அந்தப் பக்கம் போனால் குறி மாறும்” என்று மட்டும் மனதில் வைத்திருக்கிறாள். நீங்கள் இதை மண்டிப் பேச்சில் கேளுங்கள்: “மூணு பெட்டி, அஞ்சு கிலோ உதிரி, மொத்தம் அம்பது கிலோ. பெட்டி எத்தனை கிலோ?” அவள் வாயிலிருந்தே பதினைந்து வரும். எப்படி வந்தது என்று கேட்டால், “அஞ்சக் கழிச்சேன், மூணால வகுத்தேன்” என்பாள். அதுதான் அந்தச் சமன்பாட்டின் தீர்வு. இனி ஒவ்வொரு சமன்பாட்டையும் பெட்டியாகப் படித்துவிட்டுத் தொடங்கட்டும்.

இன்னொரு பழக்கம் அவளுக்கு நிறைய மதிப்பெண்ணைக் காப்பாற்றும்: விடை வந்ததும் எண்ணைப் போட்டுப் பார்ப்பது. (ப+3)² என்பதை ப² + 9 என்று எழுதியிருக்கிறாள். ‘ப’வுக்கு 2 போட்டால் இடப்பக்கம் 25, வலப்பக்கம் 13. இரண்டும் ஒன்றாக இல்லையே என்று அங்கேயே பிடித்துவிடலாம். விட்டுப்போனது 6ப. ஒரு பக்கம் ப+3 உள்ள சதுர வயலை வரைந்து நான்காகப் பிரித்தால் ப², 3ப, 3ப, 9 என்று நான்கு துண்டும் கண்ணுக்கு முன்னால் நிற்கும்.

நிகழ்தகவு: தாயக்கட்டையை எடுங்கள்

இந்தப் பாடத்தில் அவள் செய்திருக்கும் தப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. யோசித்துச் செய்த தப்பு. இரண்டு நாணயம் சுண்டினால் குறைந்தது ஒரு தலை விழ நிகழ்தகவு என்ன என்ற கேள்விக்கு, “இரண்டும் தலை, ஒன்று தலை, தலையே இல்லை; மூன்றில் இரண்டு” என்று எழுதியிருக்கிறாள். சரியான விடை 3/4. தாலம்பேர் என்ற பெரிய பிரெஞ்சுக் கணித அறிஞர் 1754இல் ஒரு கலைக்களஞ்சியத்தில் இதே கேள்விக்கு இதே 2/3ஐத்தான் எழுதினார். அவர் வந்த வழி கொஞ்சம் வேறு, ஆனால் சமமாக நிகழாதவற்றைச் சமமென்று எண்ணிவிட்டார், உங்கள் மகளும் அதைத்தான் செய்திருக்கிறாள். இதை அவளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

வீட்டில் பித்தளைத் தாயக்கட்டை இருக்குமே, அதில் நான்கு முகம். ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், ஒன்று வெறும் முகம். இரண்டு கட்டையையும் உருட்டினால் ஒன்று முதல் ஆறு வரை விழும், இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. மொத்தம் ஏழு விதமான விழுகை. அப்படியானால் தாயம், அதாவது ஒன்று விழ ஏழில் ஒரு வாய்ப்பா? விளையாடியவர்களுக்குத் தெரியும், தாயத்துக்காக எவ்வளவு நேரம் காத்திருப்போம் என்று. அவளை ஒரு தாளில் ஜோடி ஜோடியாக எழுதச் சொல்லுங்கள்: முதல் கட்டை நான்கு விதம், ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது கட்டை நான்கு விதம், ஆக 16. தாயத்துக்கு (0,1), (1,0) என இரண்டே ஜோடி, அதாவது 2/16 = 1/8. மூன்று விழ (0,3), (3,0), (1,2), (2,1) என நான்கு ஜோடி, அதாவது 4/16. பன்னிரண்டுக்கு ஒன்றுதான், 1/16. கட்டையில் வைத்துப் புரிந்துகொண்டால் பகடைக் கணக்கு 36 ஜோடி என்று நீளும், அவ்வளவே. இரண்டு பகடையில் கூடுதல் 7 வர அவள் 1/11 என்று எழுதியிருக்கிறாள். ஜோடிகளை எழுதிப் பார்த்தால் 6/36, அதாவது 1/6 என்று அவளே திருத்திவிடுவாள்.

இந்த ஜோடி எழுதும் வேலை வேறொன்றுமில்லை, புத்தகத்தின் முதல் பாடத்தில் வரும் கார்டீசியன் பெருக்கல்தான். அதில் அவள் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். கடைசிப் பாடத்தின் சாவி முதல் பாடத்திலேயே அவள் கையில் இருக்கிறது.

சீட்டுக்கட்டுக் கணக்கையும் அவள் தொடவே இல்லை. பல வீடுகளில் பெண்பிள்ளைகள் சீட்டைப் பார்த்தே இருக்க மாட்டார்கள், பாடமோ தெரியும் என்று எடுத்துக்கொண்டு போகிறது. நான்கு வகை, வகைக்கு 13, மொத்தம் 52; இரண்டு வகை சிவப்பு, இரண்டு வகை கறுப்பு; ஒவ்வொரு எண்ணிலும் படத்திலும் நான்கு சீட்டு. இதை ஒரு தாளில் கட்டமாக வரைந்து சுவரில் ஒட்டட்டும். அப்புறம் எந்த நிகழ்தகவுக் கணக்கிலும் விடை ஒன்றைத் தாண்டினால் தப்பு. ஒரு கேள்வியில் 7/5 என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறாள்.

35க்கு வழி

23க்கும் 35க்கும் நடுவில் இருப்பது 12 மதிப்பெண். செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. உங்கள் மகளின் தாளில் இரண்டும் வெற்றுப் பக்கம். நேரம் போதவில்லை என்று காரணம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இனி ஒரு மதிப்பெண் கேள்விகளை முடித்ததும் இவற்றைப் போட்டுவிட்டு மற்றவற்றுக்குப் போகட்டும். இந்த வரைதல் எல்லாம் கை பழகினால் வருவது. ஒத்த முக்கோணம் வரையும்போது மட்டும் 7/3 போன்ற அளவு வரும், அங்கேயும் பின்னம்தான் தேவை. ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. இரண்டு மதிப்பெண்ணிலும் ஐந்து மதிப்பெண்ணிலும் தலா 14 கேள்வியில் 10 எழுதினால் போதும், கட்டாயக் கேள்வி ஒன்றைத் தவிர மற்றதைத் தேர்ந்தெடுக்கலாம். எல்லாப் பாடத்தையும் அரைகுறையாகத் தொடுவதைவிட முதல் பாடம், புள்ளியியலும் நிகழ்தகவும், இயற்கணிதத்தில் பாதி என்று உறுதியாக வைத்துக்கொள்வது அவளுக்கு நல்லது.

ஒருவேளை தவறினாலும் வருடம் வீணாகாது. முடிவு வந்த சில வாரங்களில் துணைத்தேர்வு நடக்கும், அதில் தேறினால் அதே ஆண்டு பதினொன்றாம் வகுப்பில் சேரலாம். இதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள். பயம் குறையும் பிள்ளை நன்றாக எழுதும். வயிற்றுவலியை நடிப்பு என்று ஒதுக்காதீர்கள், பயத்தில் உண்மையாகவே வலிக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை காட்டி, ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

டியூஷனும் பள்ளியும்

அந்த டியூஷனில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. அங்கே பத்தாம் வகுப்புப் பாடம்தான் ஓடும், ஆறாம் வகுப்புப் பின்னத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பணம் செலவழிக்கத்தான் வேண்டுமென்றால், ஊரில் கணிதம் படிக்கும் கல்லூரிப் பெண் யாரையாவது வாரம் மூன்று நாள் வரச் சொல்லுங்கள். பள்ளியில் மாலைச் சிறப்பு வகுப்பு நடந்தால் அதை விடாதீர்கள்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 28, ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடை செய்கிறது. அதே சட்டத்தின் பிரிவு 17 பிள்ளைகளை மனதளவில் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. அந்தச் சட்டம் 14 வயது வரையான பிள்ளைகளுக்காக வந்தது, ஆனால் 15 வயதுப் பெண்ணை ‘மக்கு’ என்று அழைக்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனாலும் பரீட்சை நெருங்கும் நேரத்தில் ஆசிரியரோடு நேராக மோதினால் பாதிப்பு பிள்ளைக்குத்தான் வரலாம். முதலில் தலைமையாசிரியரைத் தனியாகப் பார்த்து, புகாராக இல்லாமல் “பாப்பா பயப்படுகிறாள்” என்று பேசிப் பாருங்கள். நகராவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் பெரும்பான்மை பெற்றோர்கள்தான். கல்வித் துறையின் 14417 எண்ணிலும் சொல்லலாம்.

பின்னப் பயிற்சியை ஒரு மாதம் ஒழுங்காகச் செய்தும் துளி மாற்றமில்லை என்றால் மட்டும், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கற்றல் குறைபாட்டுக்கான பரிசோதனை பற்றிக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் ஏற்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைத் தலைமையாசிரியர் வழியாகக் கேட்கலாம். உங்கள் மகளுக்கு அது தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மாமியாரின் பேச்சு

இதில் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். 18 வயது ஆகாத பெண்ணுக்குத் திருமணம் செய்வது 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம். நடத்திவைப்பவர்களுக்கும், தடுக்காமல் துணை நிற்கும் பெற்றோருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்; அப்படித் துணை நிற்கும் பெண்களுக்குச் சிறை கிடையாது, அபராதம் உண்டு. பேச்சு மாப்பிள்ளை பார்க்கும் அளவுக்குப் போனால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு நீங்களோ மகளோ தயங்காமல் பேசுங்கள்.

மாமியாரிடம் சட்டத்தைச் சொல்லித் தொடங்க வேண்டாம். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவர்கள் கணக்கிலேயே வருகிறது. பதினொன்றில் வணிகவியல், வரலாறு, தொழிற்கல்வி என்று கணக்குப் பாடம் இல்லாத பிரிவுகள் இருக்கின்றன. செவிலியர் படிப்புக்குப் போக வேண்டுமென்றால் கணக்கு இல்லாத அறிவியல் பிரிவும் உண்டு. பாலிடெக்னிக் என்றால் மட்டும் கணக்கு கூடவே வரும், அதை மகளிடம் மறைக்க வேண்டாம். அப்பா ஊருக்கு வரும் நாளில் மூவரும் உட்கார்ந்து இதைப் பேசுங்கள். பாட்டிக்குப் பதில் சொல்ல வேண்டியது அவர்தான், நீங்களோ மகளோ அல்ல.

தினமும் நாற்பது நிமிடம் போதும். முதலில் பின்னம், அடுத்து ஒரு சமன்பாடு, ஒருநாள் விட்டு ஒருநாள் வரைபடம். வாரக்கடைசியில் அப்பாவோடு தாயம். செல்போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், படிக்கும் அந்த நாற்பது நிமிடம் மட்டும் உங்கள் முந்தானையில் இருக்கட்டும். முதல் திருப்புதல் தேர்வு விடைத்தாள் வந்ததும், போன முறை போலவே எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து அனுப்புங்கள். பின்னம் கூட்டும் இடங்களை முதலில் பார்க்கிறேன், அதைப் பொறுத்து அடுத்து எந்தப் பாடத்தை எடுக்கலாம் என்று சொல்கிறேன்.